அடித்தோல் இல்லாத சப்பாத்து

ஒரே பாடகரின் இசைத்தட்டு எனக்கு ஏழு முறை பரிசாக வந்திருக்கிறது. கண் தெரியாத அந்த இத்தாலியப் பாடகரைத்தான் சொல்கிறேன். பிறந்தநாளுக்கு மூன்று, கிறிஸ்துமஸுக்கு அலுவலகத்தில் இரண்டு, பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாறும்போது விட்டுச்சென்றது ஒன்று. ஏழாவதைக் கோவிலில் பழக்கமான யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் தீபாவளிக்குக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "இவரும் உம்மைப் போலதான். கேட்டுப் பாரும், அழுகை வரும்" என்றார். எனக்கு வந்தது எரிச்சல். கண் தெரிந்தவர்களுக்குக் கண் தெரிந்த பாடகரின் தட்டை வாங்கிக்கொடுத்து, இவரும் உங்களைப் போலதான் என்று யாராவது சொல்கிறார்களா? நன்றி சொல்லி வாங்கி, பிரிக்காமலே அலமாரியில் அடுக்கினேன்.

நான் மலேசியாவில் கிள்ளானில் பிறந்தவள். பதினாறு வயதில் பார்வை மங்கத் தொடங்கி, இருபத்து மூன்றில் முழுவதுமாகப் போய்விட்டது. அதற்கு முன்பே கோவில் வகுப்பில் தேவாரமும் கொஞ்சம் கர்நாடக சங்கீதமும் கற்றிருந்தேன். என் கணவருக்கு ஆக்லாந்தில், மங்கரே விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்ததும் இருவரும் இங்கே வந்து மவுண்ட் ரோஸ்கில்லில் வீடு பிடித்தோம். எனக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் தொலைபேசியில் பேசும் வேலை. நாள் முழுக்க மற்றவர்களின் உடைந்த கார் கண்ணாடிகளைப் பற்றிக் கேட்டுவிட்டு, வாரம் ஒருமுறை பக்கத்துச் சேர்ந்திசைக் குழுவில் பாடப் போவேன். அங்கே ஒருவர் என் குரலில் மேல் ஸ்தாயி சிரமமில்லாமல் வருகிறது, ஓபரா முயன்று பார்க்கலாமே என்றார். சொன்ன கையோடு, "அந்த இத்தாலியரைக் கேட்டிருக்கிறீர்கள்தானே?" என்றும் கேட்டார். எட்டாவது தட்டு வந்துவிடுமோ என்று பயந்து தலையை ஆட்டிவைத்தேன்.

ஒரு குளிர்காலத்தில் காய்ச்சல் வந்து நான்கு நாள் வீட்டில் கிடந்தேன். வேறு வழியில்லாமல் அந்த ஏழில் ஒன்றைப் பிரித்தேன். தனிப்பாட்டுகளின் தொகுப்பாக இருக்கும் என்று நினைத்தால், ஒரு முழு ஓபரா. மேடையில் நடந்தபடியே பதிவுசெய்தது. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு படுத்திருந்தேன். பாட்டின் நடுவில் அவர் குரல் இடது காதில் தொடங்கி மெல்ல மெல்ல வலது காதுக்குப் போனது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். திரும்பப் போட்டேன். குரலுக்கு அடியில் மரப்பலகையில் காலடிச் சத்தம். அவர் நடக்கிறார். அவருக்குக் கண் தெரியாது என்று எனக்குச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். அவர் மேடையில் நடந்துகொண்டே பாடுவார் என்று ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை.

அந்தப் பத்து வினாடியை அன்று முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். பிறகு நூலகத்தில் அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் ஒலிப்புத்தகத்தை எடுத்து இரண்டு தடவை கேட்டேன். எனக்கு அவருடைய சோகம் வேண்டியிருக்கவில்லை, என்னிடமே கையிருப்பு இருந்தது. பாத்திரத்தை எப்படி மனப்பாடம் செய்தார், கதவு எங்கே இருக்கிறது என்று எப்படி அறிந்தார், எதிரில் நிற்பவரை எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் வேண்டியிருந்தது. அது கொஞ்சமாகத்தான் கிடைத்தது. மிச்சத்தை நானே கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் நடந்தால் நானும் நடப்பேன். ஒரு முழு பாத்திரம், யார் கையையும் பிடிக்காமல். அவ்வளவுதான் நான் முடிவு செய்தது.

நகரத்தில் ஓர் அமெச்சூர் ஓபராக் குழு இருந்தது. பகலில் ஆசிரியராகவும் நர்ஸாகவும் பிளம்பராகவும் இருப்பவர்கள் மாலையில் ஒரு தேவாலயக் கூடத்தில் கூடி இத்தாலிய மொழியில் ஒருவரையொருவர் சபித்துக்கொள்ளும் குழு. அதில் ஒரு வருடம் கோரஸில் பாடினேன். கோரஸில் சுலபம், இரு பக்கமும் தோள் இருக்கும், கூட்டம் போகிற பக்கம் போகலாம். அடுத்த வருடம் தேர்வுக்குப் பாடி ஒரு பாத்திரம் வாங்கினேன். பணக்கார விதவை. கதையில் எல்லோரும் அவளுக்கு ஆதரவு தருகிறேன் என்று கையை நீட்டுவார்கள், அண்ணன், வக்கீல், மணந்துகொள்ள ஆசைப்படும் பிரபு. இரண்டாம் அங்கத்தில் அவள் கதவைத் திறந்து வந்து, நீட்டிய எந்தக் கையையும் தொடாமல் மேடையைக் குறுக்கே கடந்து, தன் நாற்காலியில் தானே போய் உட்காருவாள். உட்காரும்வரை பாட்டு. அந்தக் காட்சியே அந்த நடைதான்.

இயக்குநர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கனிவானவர், ஆனால் எதையும் தள்ளிப்போடாதவர். முதல் நாளே எப்படிச் செய்யலாம் என்று கேட்டார். கடையில் விற்கும் தேங்காய் நார் மிதியடியை வாங்கி, விரல் அகலத்துக்கு வெட்டி, கதவிலிருந்து நாற்காலிவரை தரையில் ஒட்டலாம் என்றேன். என் கணவர்தான் வாங்கிவந்து கராஜில் உட்கார்ந்து வெட்டினார். நார் எங்கும் பறந்து காரெல்லாம் தும்பு. பதினான்கு அடி நடை. எட்டாவது அடியில் ஒரு குறுக்குப் பட்டை, அங்கே பிரபு நிற்பார், நான் ஒரு வரி பாடிவிட்டுத் தாண்டிப் போகவேண்டும். மேடை விளிம்புக்கு ஓரடி முன்னால் இரட்டைப் பட்டை, அதை மிதித்தால் அதற்கு மேல் ஆபத்து. இசை நடத்துநரின் கோலை நான் பார்க்க முடியாது என்பதால், நான் பாடத் தொடங்கும் இடங்களில் அவர் மூக்கால் பலமாக மூச்சை இழுப்பார். வயலின்காரர்கள் அவருக்கு நிரந்தரச் சளி என்று கேலி செய்வார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். ஒத்திகையின் முதல் நாளிலிருந்து நான் மேடைப் படியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, முதல் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஏறினேன். கிள்ளானில் சிறு பிள்ளையாக இருந்தபோது பழகியது. சப்பாத்தோடு மேடை ஏறினால் கால் கூசும். இயக்குநர் ஒருமுறை தயங்கித் தயங்கிக் காரணம் கேட்டார். எங்கள் வழக்கம் என்றேன். பகிர்ந்துகொண்டதற்கு நன்றி என்றார். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. இந்த ஊரில் ஒன்றை வழக்கம் என்று சொல்லிவிட்டால் போதும், அதை யாரும் தொடமாட்டார்கள். கோரஸில் இரண்டு பேர் மரியாதைக்காகத் தாங்களும் கழற்ற ஆரம்பித்தார்கள். எட்டு மாதம் நான் வெறுங்காலோடு நடந்தேன். கடைசி மாதங்களில் பட்டையைப் பற்றி நினைக்காமலே நடக்க வந்துவிட்டது.

காட்சி சனியும் ஞாயிறும் மதியம் இரண்டு மணிக்கு. அதற்கு முந்திய செவ்வாயன்று முழு உடையோடு ஒத்திகை. எனக்குப் பட்டுப் பாவாடையும் கட்டைக் குதிகால் வைத்த தோல் சப்பாத்தும் தந்தார்கள். பணக்கார விதவை, வெறுங்காலோடு வரமுடியாது. நான் பலகையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மனசுக்குள் மன்னிப்பும் கேட்டுவிட்டு, சப்பாத்தோடு ஏறினேன்.

கதவைத் திறந்து முதல் அடி வைத்ததும் எனக்கு விளங்கிவிட்டது. தரையே இல்லை. பட்டை இருக்கிறதா இல்லையா என்று கால் எதையும் சொல்லவில்லை. எண்ணிக்கையை நம்பி நடந்தேன். குதிகாலால் அடியின் நீளம் குறைந்தது, திசையும் சாய்ந்தது. குறுக்குப் பட்டை வரவில்லை. இரட்டைப் பட்டையும் வரவில்லை, வந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. பிரபுவாகப் பாடுபவர் பாட்டை நிறுத்திவிட்டு ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்தார். என் வலது கால் அப்போது விளிம்புக்கு வெளியே இருந்ததாம். அதற்கு நேர் கீழே, இசைக்குழுவில் செல்லோ வாசிப்பவர் உட்கார்ந்திருந்தார்.

எட்டு மாதமாக அது பக்தி என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். அதில் பக்தி பாதி, உள்ளங்கால் பாதி. ஒருவரும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை, நான் உட்பட. அவர்கள் மரியாதை காரணமாகக் கேட்கவில்லை. எனக்கு என்ன கேடு என்று அன்று என்னையே திட்டிக்கொண்டேன்.

இயக்குநர் ஒத்திகையை நிறுத்திவிட்டு என்னை ஓரமாக உட்காரவைத்தார். இரண்டு வழி சொன்னார். ஒரு வேலைக்காரி என் கையைப் பிடித்துக் கூட்டிவரலாம். அல்லது நான் கதவருகிலேயே நின்று பாடிவிடலாம், அந்த இத்தாலியர் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் நின்ற இடத்தில் பாடுகிறாரே, யாராவது குறை சொல்கிறார்களா? இரண்டுக்கும் நான் தலையை ஆட்டி மறுத்ததும், குரலைத் தாழ்த்தி மூன்றாவது வழியும் சொன்னார். மத நம்பிக்கை என்றால் வெறுங்காலோடே வரலாம், நிகழ்ச்சிக் குறிப்பில் ஒரு வரி போட்டு விளக்கிவிடலாம்.

சாமி பேரைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பட்டுப் பாவாடைக்குக் கீழே வெறும் பாதம் தெரிந்தால் அது அந்த விதவையாக இருக்காது, விளக்கம் தேவைப்படும் ஒருத்தியாகிவிடும். பாட்டைக் கேட்காமல் குறிப்பைப் படித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு நாள் தாருங்கள், வியாழக்கிழமை நடந்து காட்டுகிறேன், முடியாவிட்டால் நீங்கள் சொல்கிறபடி நிற்கிறேன் என்றேன். அவர் சரி என்றார்.

காரில் என் கணவர் வேறு ஆரம்பித்தார். அவர் அன்று பின்வரிசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

"நின்ன எடத்துலயே பாடிட்டா என்னா லா? பாட்டு ஒண்ணும் கொறஞ்சிடாது" என்றார்.

அவருடைய பயம் எனக்குத் தெரியாதது அல்ல. நாங்கள் வந்த இரண்டாம் வருடம், அவர் டெய்ரி என்று இங்கே சொல்லும் தெருமுனைக் கடைக்குள் பால் வாங்கிக்கொண்டிருந்தபோது, நான் வெளியே இரண்டடி நகர்ந்து சாலை வேலைக்குத் தோண்டிய குழியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் எந்தக் கடையிலும் என் முழங்கையை விடுவதில்லை. ஆனால் அன்று எனக்கு இரக்கம் வரவில்லை. குழியில் விழுந்தது நான், பத்து வருடமாக அதை விட்டு வெளியே வராதது நீங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் ரேடியோவைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினார்.

புதன்கிழமை லீவு போட்டேன். காலையில் அந்தக் குதிகால் சப்பாத்தோடு வீட்டுக் கூடத்தில் நடந்து பார்த்தேன். அரை நாள் நடந்து, முழங்காலில் காயமும் சாப்பாட்டு மேசை மேல் வெறுப்பும்தான் மிச்சம். மதியம் சோபாவில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பித் தடவினேன். மேல்தோல், ஓரத் தையல், குதிகால், அடித்தோல். பார்ப்பவர்களுக்குத் தெரியப்போவது மேல்தோல் மட்டும். எனக்குத் தடையாக இருப்பது அடித்தோல் மட்டும். பிறகு ஏன் இரண்டும் சேர்ந்தே இருக்கவேண்டும்?

எங்கள் குழுவுக்கு உடை தைப்பவர் பிஜியிலிருந்து வந்த ஒரு பெண்மணி. அவருடைய பாட்டனார்கள் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருந்தார். அவருக்குத் தமிழில் சாப்பாட்டுப் பெயர்களும் சில வசவுகளும் மட்டும் தெரியும், மிச்சம் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோம். போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். வாடகைச் சப்பாத்தில் கத்தி வைக்கமுடியாது, புதிதாக வாங்கிவா, குதிகால் இல்லாததாக, இரண்டு ஜோடி வாங்கு, முதல் ஜோடியை நான் நிச்சயம் கெடுப்பேன் என்றார்.

வேலை முடிந்து வந்த கணவரிடம் சப்பாத்துக் கடைக்குப் போகவேண்டும் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. வெஸ்ட்கேட்டில் அந்த நேரத்துக்குத் திறந்திருக்கும் பெரிய கடை இருக்கிறது என்று கூட்டிப்போனார். நெரிசலில் ஒரு மணி நேரம் ஓட்டினார். ஒரே மாதிரி இரண்டு ஜோடியை எடுத்ததும், அறுத்துப் போடுவதற்கு இவ்வளவு நல்ல தோல் எதற்கு என்று முணுமுணுத்தபடி வாங்கித் தந்தார். வாயால் சொல்லாவிட்டாலும் அவர் சமாதானமாகி வருகிறார் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

அன்றிரவே தையல்காரப் பெண்மணி சொன்னபடியே முதல் ஜோடியைக் கெடுத்தார். அடித்தோலை முழுவதும் அறுத்ததும், மேல்தோல் பிடிமானம் இல்லாமல் நடக்க நடக்கக் கணுக்காலுக்கு ஏறிக் கொலுசாகிவிட்டது. அவர் தனக்குத் தெரிந்த தமிழ் வசவுகளையெல்லாம் அதன்மேல் செலவழித்தார். இரண்டாவது ஜோடியில் குதியிலும் விரல் நுனியிலும் கொஞ்சம் அடித்தோலை விட்டு, நடுப்பாதத்துக்குக் கீழே மெல்லிய எலாஸ்டிக் ஒன்றைக் குறுக்கே தைத்தார். போட்டுக்கொண்டு அவருடைய கடையின் சிமெண்டுத் தரையில் நின்றேன். தரை சில்லென்று நேராக உள்ளங்காலில் ஏறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைத் தள்ளி நிறுத்தி, குனிந்து பார்த்துவிட்டு, சீமாட்டி மாதிரிதான் இருக்கிறாய் என்றார்.

வியாழக்கிழமை நடந்து காட்டினேன். ஒரு தடவை அல்ல, ஐந்து தடவை. இயக்குநர் கீழே குனிந்து சப்பாத்தை ஆராய்ந்துவிட்டு, முதல் நாளே கேட்டிருக்கவேண்டும், உன்னைப் புண்படுத்திவிடுவேனோ என்று பயந்தேன் என்றார். அடுத்த தடவை பயப்படாமல் கேளுங்கள் என்றேன்.

சனிக்கிழமை மதியம் கூடம் நிறைந்திருந்தது. இரண்டாம் அங்கத்தில் கதவின் பின்னால் நிற்கும்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். நடத்துநர் மூக்கால் இழுத்தார், கதவைத் தள்ளினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நார் காலைக் குத்திக்கொண்டே கூட்டிப்போனது. எட்டாவது அடியில் குறுக்குப் பட்டை. பிரபுவின் கை என் முன்னால் நீண்டிருக்கிறது, அவர் சட்டைக் கஞ்சி வாசனை வருகிறது. என் வரியைப் பாடிவிட்டுக் காலை எடுத்தால், கால் வரவில்லை. பட்டையின் முனை பெயர்ந்து எலாஸ்டிக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் சப்பாத்து கழன்றுவிடும். பிரபு மெல்ல ஓரடி நெருங்கினார், செவ்வாய்க்கிழமை மாதிரி பிடிக்கத்தான். நான் பாடிக்கொண்டே, கையைப் பாட்டுக்கு ஏற்ப உயர்த்துவது போல உயர்த்தி, அவர் மார்பில் உள்ளங்கையை வைத்துத் தடுத்தேன். அந்தச் சாக்கில் பாதத்தைப் பின்னுக்கு நகர்த்தித் திருப்பினேன். நார் விட்டது. மிச்சம் ஆறு அடி. நாற்காலியின் கை என் முழங்காலில் பட்டபோது கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கைதட்டல் எங்கிருந்து தொடங்கியது என்று தெரியவில்லை, எல்லாப் பக்கமும் இருந்தது.

மார்பில் கை வைத்துத் தடுத்தது அற்புதம், நாளையும் அதையே செய் என்றார் இயக்குநர். செய்கிறேன் என்றேன்.

நாலரை மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் வெயில் இன்னும் முகத்தில் அடித்தது. என் கணவர் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாரே தவிரக் காரைத் திறக்கவில்லை. எப்படி இருந்தது என்று கேட்டேன். பாட்டு நன்றாக இருந்தது என்றார். நடை எப்படி என்றேன். சாவி உருள்வது நின்றது.

"நீ கதவுகிட்ட வந்து நின்ன. அதுக்கப்புறம் நான் பாக்கல" என்றார்.

"என்னா பாக்கல?"

"கண்ண மூடிக்கிட்டேன். கைதட்டுனப்பதான் தொறந்தேன். அப்ப நீ உக்காந்திருந்த."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எட்டு மாதம் ஒவ்வொரு ஒத்திகைக்கும் கொண்டுவந்து விட்டவர், நாரை அறுத்தவர், வெஸ்ட்கேட் வரை ஓட்டியவர். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்ததை இவர் ஒருவர் பார்க்கவில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவர் அழுதுகொண்டிருப்பது கேட்டது. அவர் அழுது நான் கேட்டது மணிக்கட்டு உடைந்த அன்று மட்டும்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு இன்னொரு தடவ நடப்பேன்" என்றேன். "முன்வரிசையில உக்காருங்க. கண்ணத் தொறந்து வச்சுக்குங்க. வந்து கேப்பேன், ஒவ்வொரு அடியா சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை நடை பிசகாமல் நடந்தது. நார் மாட்டவில்லை, ஆனாலும் மார்பில் கை வைத்தேன். காட்சி முடிந்து காரில் உட்கார்ந்து, சொல்லுங்கள் என்றேன். கேள்விக்குக் காத்திருந்த பிள்ளை மாதிரி மூச்சுவிடாமல் ஒப்பித்தார். மூன்றாவது அடியில் தலையை நிமிர்த்தினேனாம். ஆறாவதில் பாவாடையைக் கொஞ்சம் தூக்கினேனாம். எட்டில் நின்றேன். பத்தாவது அடியில் சிரித்தேனாம்.

சிரிக்கவில்லை, அந்த இடத்தில் அவள் கோபமாக இருக்கவேண்டும், இயக்குநர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார் என்றேன்.

"அவளப் பத்தி எனக்குத் தெரியாது" என்றார். "நீ சிரிச்ச. நான் பாத்தேன்."